யூபிஐ, அடையாள எண், அதற்குப் பின்: இந்தியாவின் டிஜிட்டல் ராஜதந்திரம் குறித்த நிகழ்வு ஆய்வு

2024 பிப்ரவரி 12 அன்று ஒரே காணொலி நிகழ்ச்சியில் இரண்டு நாடுகள் இந்தியாவின் யூபிஐ வலையமைப்புடன் இணைந்தன. இலங்கையின் சார்பில் அப்போதைய அதிபர் ரணில் விக்ரமசிங்க, மொரிஷியஸின் சார்பில் அப்போதைய பிரதமர் பிரவிந்த் ஜக்நாத், இந்தியாவின் சார்பில் பிரதமர் மோடி ஆகியோர் கலந்துகொண்டார்கள். செய்திகளில் இரண்டும் ஒரே விஷயமாக வந்தன. உள்ளே போய்ப் பார்த்தால் அப்படியில்லை. மொரிஷியஸ் செல்லும் இந்தியர் அங்கே யூபிஐயில் பணம் செலுத்தலாம். இந்தியா வரும் மொரிஷியஸ்காரரும் தம் நாட்டுச் செயலியைக் கொண்டே இங்கே செலுத்தலாம். கூடவே மொரிஷியஸ் வங்கிகள் ரூபே தொழில்நுட்பத்தில் உள்நாட்டிலேயே அட்டை வழங்கும் ஏற்பாடும் வந்தது. இலங்கையில் அன்று திறந்தது ஒரு திசை மட்டும்: இந்தியப் பயணி அங்குள்ள கடையின் கியூஆரை ஸ்கேன் செய்து செலுத்தலாம்.

கொழும்பில் கடை வைத்திருப்பவருக்கு இதில் லாபம் உண்டு. அவர் மகன் சென்னைக்குச் சிகிச்சை பெற வந்தால் அவனுக்கு இதில் எதுவும் இல்லை. ஒரு நாடு தன் தொழில்நுட்பத்தை நட்பின் கையாக நீட்டும்போது, அந்தக் கையைப் பிடிப்பவர் யார், எந்த வேலைக்காகப் பிடிக்கிறார் என்பதைப் பொறுத்தே செல்வாக்கு உருவாகிறது. கையெழுத்தாகும் நாளில் கிடைப்பது பெயர். அடுத்த சில ஆண்டுகளில் அந்த நாட்டுக் கடைக்காரருக்கும் பதிவு அலுவலருக்கும் வங்கி ஊழியருக்கும் கிடைக்கும் அனுபவம்தான் நிலைக்கும். முதல் பகுதியை இந்தியா நன்றாகவே செய்கிறது. இரண்டாவது பகுதி இடத்துக்கு இடம் மாறுகிறது. அது ஏன் என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

முன்னோடி: ஆப்பிரிக்க இணையவழித் திட்டம்

இந்த முயற்சி யூபிஐயில் தொடங்கவில்லை. 2004இல் குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம், ஆப்பிரிக்க நாடாளுமன்றத்தில் பேசும்போது, செயற்கைக்கோள் வழியாக ஆப்பிரிக்க நாடுகளை இந்தியப் பல்கலைக்கழகங்களோடும் மருத்துவமனைகளோடும் இணைக்கும் யோசனையை முன்வைத்தார். 2007இல் 542.90 கோடி ரூபாய் மதிப்பீட்டில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2009 பிப்ரவரி 26 அன்று வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜி தொடங்கிவைத்தார். அரசு நிறுவனமான டிசிஐஎல் நிறுவும் பணியைச் செய்தது. தொலைக்கல்வி, தொலைமருத்துவம் இரண்டோடு மூன்றாவதாக ஒரு பகுதியும் இருந்தது: ஒவ்வொரு நாட்டின் தலைவர் அலுவலகத்துக்கும் ஒரு காணொலி இணைப்பு. ராஜதந்திர நோக்கம் வரைபடத்திலேயே இருந்தது.

சுமார் 22,000 பேர் இதன் வழியாகப் பட்டமோ பட்டயமோ பெற்றார்கள். 12 இந்திய உயர்சிறப்பு மருத்துவமனைகள் ஆலோசனை வழங்கின. ஆனாலும் 2017இல் திட்டம் முடிந்தது. இயக்கச் செலவை இந்தியா குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஏற்கும், பிறகு உறுப்பு நாடுகள் பொறுப்பெடுக்கும் என்பது ஏற்பாடு. கருவிக்குப் பணம் ஒதுக்குவது எளிது. ஆண்டுதோறும் அலைவரிசை வாடகை, பராமரிப்பு, மின்சாரம், ஆள் என்று சின்னச் சின்னதாக வரும் செலவுக்குப் பட்ஜெட்டில் தலைப்பு இருப்பதில்லை. பின்னால் வந்த இ-வித்யாபாரதி, இ-ஆரோக்யபாரதி திட்டங்கள் (2019 அக்டோபர்) செயற்கைக்கோளை விட்டுவிட்டு இணையத்துக்கு மாறியது செலவு விஷயத்தில் சரியான பாடம். இயக்கச் செலவை யார் சுமப்பது என்ற அடிப்படைக் கேள்வி மட்டும் தீராமல் அடுத்த தலைமுறைத் திட்டங்களுக்கும் கூடவே வந்துவிட்டது.

கொடுப்பது யார்? மூன்று வழிகள்

ஆதார், யூபிஐ போன்ற இந்திய டிஜிட்டல் அமைப்புகளின் தொகுப்புக்கு 'இந்தியா ஸ்டாக்' என்று பெயர். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாமே அதுதான். பேச்சுவார்த்தை மேசையில் உட்காரும் நாட்டுக்கு முதலில் தெரிய வேண்டியது, எதிரே இருப்பது எந்த நிறுவனம் என்பது.

பணப் பரிவர்த்தனை விஷயத்தில் எதிரே இருப்பது என்ஐபிஎல். தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகமான என்பிசிஐ 2020 ஏப்ரலில் வெளிநாட்டு வேலைக்கென்று தொடங்கிய துணை நிறுவனம் இது. என்பிசிஐயின் உரிமை வங்கிகளிடம் இருக்கிறது. அரசுத் துறை அல்ல. என்ஐபிஎல் இரண்டு வகை வேலை செய்கிறது. ஒன்று, இந்தியப் பயணி வெளிநாட்டில் யூபிஐயில் செலுத்துவதற்கான இணைப்பு: பூடான் (2021 ஜூலை), பிரான்ஸில் ஐஃபல் கோபுரத்தில் தொடங்கிய சேவை (2024 பிப்ரவரி), நேபாளத்தின் ஃபோன்பே (Fonepay; இந்தியாவின் PhonePe வேறு) கியூஆர், மேலே சொன்ன இலங்கையும் மொரிஷியஸும். மற்றொன்று, ஒரு நாட்டுக்கே அதன் சொந்த யூபிஐ போன்ற அமைப்பைக் கட்டித்தருவது: நமீபிய மத்திய வங்கியும் பெரு மத்திய வங்கியும் 2024இல் இதற்கு ஒப்பந்தம் செய்தன. இரண்டாவது வகையில்தான் ஆழமான உறவு. முதல் வகையில் பயன்பெறுவோரில் பெரும்பாலோர் இந்தியப் பயணிகளே.

அடையாளத்துக்கு வேறு முகவரி: மோசிப். பெங்களூரு ஐஐஐடி வளாகத்தில் 2018இல் தொடங்கிய திறந்தமூல மென்பொருள் இது; யாரும் எடுத்துத் தம் தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம். கேட்ஸ் அறக்கட்டளை, ஒமிடியார், டாடா அறக்கட்டளைகள் போன்றவை நிதி கொடுத்தன. ஆதாரின் அனுபவம் இதில் இருக்கிறது. ஆதாரின் மென்பொருள் அல்ல. இந்திய அரசின் உற்பத்தியும் அல்ல. மொராக்கோ, பிலிப்பைன்ஸ், எத்தியோப்பியா உட்படப் பல நாடுகள் எடுத்துக்கொண்டதற்கு இந்த இடைவெளியே பெரிய காரணம் என்று கருதுகிறோம். இன்னொரு அரசின் மென்பொருளில் நம் மக்கள் பதிவேட்டை வைக்கிறோமா என்று நாடாளுமன்றத்தில் யாராவது கேட்டால், 'பல்கலைக்கழகம் ஒன்றின் திறந்தமூலம். எங்கள் சர்வரில் எங்கள் ஆட்கள் இயக்குகிறார்கள்' என்று சொல்ல முடிகிறது. கொடி இல்லாததால் கதவு திறக்கிறது.

மூன்றாவது, மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் நேரடியாகச் செய்யும் புரிந்துணர்வு ஒப்பந்தங்கள். ஆர்மீனியா, சியரா லியோன், சுரினாம், ஆன்டிகுவா பார்புடா, பப்புவா நியூ கினி என்று 2023இல் வரிசையாகக் கையெழுத்தாயின. இவற்றில் பெரும்பாலானவை அனுபவப் பகிர்வுக்கான சட்டகங்கள். தொகையோ காலக்கெடுவோ பொறுப்பு அதிகாரியோ குறிப்பிடாத ஒப்பந்தத்தை யாரும் திட்டமென்று எண்ணிவிடக் கூடாது.

சீனாவோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். 2015இல் அறிவிக்கப்பட்ட டிஜிட்டல் பட்டுப்பாதையின் பலம் கடலடிக் கேபிள், செல்போன் கோபுரம், தரவு மையம், கேமரா போன்ற வன்பொருளிலும் அதற்கான கடனிலும் இருக்கிறது. இந்தியா கொடுப்பது தொழில்நுட்ப நெறிமுறை, மென்பொருள், பயிற்சி. முதலாவதில் கடன் சுமை ஏறும். ஆனால் பொருள் கண்ணுக்கு முன்னால் நிற்கும். இரண்டாவதில் கடன் இல்லை. ஆனால் இயக்கும் திறன் உள்ளூரில் இல்லாவிட்டால் எதுவுமே நிற்காது.

சிங்கப்பூர்: இணைப்பு எப்படி வேலை செய்கிறது

2023 பிப்ரவரி 21 அன்று யூபிஐயும் சிங்கப்பூரின் உடனடிப் பணப்பரிமாற்ற அமைப்பான பேநவ்வும் இணைந்தன. ரிசர்வ் வங்கி ஆளுநர் சக்திகாந்த தாஸும் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் தலைமை நிர்வாகி ரவி மேனனும் முதல் பரிமாற்றத்தைச் செய்தார்கள். இது கடையில் செலுத்தும் வசதி அல்ல; ஆளுக்கு ஆள் பணம் அனுப்பும் வழி. தமிழ்நாட்டிலிருந்து போய் அங்கே கட்டடத்திலும் கப்பல் தளத்திலும் வேலை பார்ப்பவர்களுக்கு நேரடியாகப் பொருந்துவது இதுதான்.

அனுப்புகிறவர் தன் வங்கிச் செயலியில் பெறுபவரின் யூபிஐ ஐடியைப் போடுகிறார். இந்திய வங்கி அந்தக் கணக்கு இருக்கிறதா என்று சரிபார்த்து, பெயரைத் திருப்பி அனுப்புகிறது. தொகை, நாணய மாற்று விகிதம், கட்டணம் ஆகியவை உறுதி செய்யும் முன்பே திரையில் வந்துவிடுகின்றன. உறுதி செய்ததும் சிங்கப்பூர் வங்கி டாலரைப் பற்று வைக்கிறது. செய்தி எல்லை தாண்டுகிறது. இந்திய வங்கி ரூபாயை வரவு வைக்கிறது. பெறுபவருக்கு இது நொடிகளில் நடந்ததாகத் தெரியும். வங்கிகள் தமக்குள் கணக்குத் தீர்ப்பது தனி ஓட்டம்; அதற்கான பணம் முன்கூட்டியே இரு பக்கமும் இருந்தாக வேண்டும்.

தொடக்கத்தில் ஒரு நாளைய உச்சவரம்பு 60,000 ரூபாய், ஏறத்தாழ 1,000 சிங்கப்பூர் டாலர். இந்தியப் பக்கத்தில் பணம் பெற ஆறு வங்கிகள் இருந்தன: ஆக்சிஸ், டிபிஎஸ் இந்தியா, ஐசிஐசிஐ, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஸ்டேட் வங்கி. இவற்றில் இரண்டின் தலைமையகம் சென்னையில் இருப்பது தற்செயல் அல்ல என்று நினைக்கிறோம். சிங்கப்பூர் பக்கத்தில் டிபிஎஸ் வங்கியும் லிக்விட் குரூப் என்ற வங்கியல்லாத நிறுவனமும் மட்டும். 2025இல் இந்திய வங்கிகளின் எண்ணிக்கை 19 ஆனது.

இந்த எண்ணிக்கைகளில்தான் சிக்கல் இருக்கிறது. தொழிலாளியின் சம்பளக் கணக்கு பட்டியலில் இல்லாத வங்கியில் இருந்தால், அவருக்கு இந்த இணைப்பு இருந்தும் இல்லை. ஊரில் மனைவியின் கணக்கு கூட்டுறவு வங்கியில் இருந்தாலும் அதே கதை. அவர் பழைய பணமாற்று முகவரிடமே போவார். உலக அளவில் 200 டாலர் அனுப்ப ஆகும் சராசரிச் செலவு இன்னும் 6 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. 2030க்குள் 3 சதவீதத்துக்குக் குறைப்பது ஐநாவின் இலக்கு. இந்த இடைவெளியைக் குறைப்பதில் இந்த இணைப்புக்குப் பெரிய பங்கு இருக்க முடியும். தொழிலாளர்கள் கணக்கு வைத்திருக்கும் வங்கிகள் எவை என்பதைப் பார்த்து அவற்றை முதலில் சேர்த்திருந்தால் அந்தப் பங்கு முன்னதாகவே கிடைத்திருக்கும். தொழில்நுட்பத் தயார்நிலை உள்ள வங்கிகளை முதலில் சேர்ப்பது பொறியாளருக்கு வசதி. பயனாளியின் வரிசை வேறு.

இருநாட்டு இணைப்பு என்ற முறைக்கே ஒரு எல்லையும் உண்டு. ஐந்து நாடுகள் தமக்குள் தனித்தனியாக இணைய வேண்டுமென்றால் 10 இணைப்புகள் வேண்டும். 20 நாடுகளுக்கு 190. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்ட ஒப்பந்தம், தனிச் சோதனை, தனிப் பிணக்குத் தீர்வு. இதற்கு மாற்றாக பன்னாட்டுத் தீர்வு வங்கி முன்னெடுத்த நெக்ஸஸ் திட்டத்தில் 2024 ஜூன் 30 அன்று பாசலில் இந்தியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகியவை கையெழுத்திட்டன. ஒரு முறை இணைந்தால் மற்ற எல்லோரோடும் இணைந்த மாதிரி. விதிப்புத்தகம் யாருடைய தனி உடைமையும் அல்ல. இந்தியாவின் பெயர் இதில் சற்று மங்கும். பயன்பாடு பல மடங்கு பெருகும். இந்த மாற்றத்தை நாங்கள் முழு மனதோடு வரவேற்கிறோம்.

இலங்கை: அடையாள எண்ணின் கணக்கு

மோசிப்பை அடிப்படையாகக் கொண்ட இலங்கையின் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கு 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2023 ஆகஸ்டில் இந்தியா 45 கோடி இந்திய ரூபாயை முன்பணமாகக் கொடுத்தது. இது மொத்தத்தில் 15 சதவீதம். அதாவது மானியம் சுமார் 300 கோடி. ஏறத்தாழ 2.2 கோடி மக்களுக்கு என்று வகுத்தால் ஆளுக்கு 136 ரூபாய் வருகிறது. முகம், கருவிழி, கைரேகை மூன்றையும் எடுத்து, நகல் நீக்கி (ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகாதபடி பார்த்து), எண் கொடுக்கத் தொடக்க மூலதனமாக இது மோசமில்லை. ஆண்டுச் செலவு இதில் இல்லை.

இலங்கையில் ஏற்கெனவே அடையாளம் இல்லாமல் இல்லை. ஆட்பதிவுத் திணைக்களம் தேசிய அடையாள அட்டை வழங்குகிறது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும். 2016 முதல் 12 இலக்கம். புதிய அமைப்பு பழைய இரண்டு வகை எண்ணையும் ஒரே ஆளுடன் பொருத்தியாக வேண்டும். பெயர் எழுத்துக்கூட்டல் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் ஒத்துப்போக வேண்டும். பொதுவாகத் திட்டங்கள் தடுக்கி விழும் இடம் இது. தமிழ்ப் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்துதான் முன்னால் நிற்கும். படிவத்தில் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டாயக் கட்டங்கள் வைத்தால், பதிவு அலுவலர் எதையாவது போட்டு நிரப்புவார். சிலருக்கு அப்பா பெயர் சொந்தப் பெயராகிவிடும். பிறகு வங்கிக் கணக்கில் உள்ள பெயரோடு ஒப்பிடும்போது பொருந்தாது; உதவித்தொகை நின்றுபோகும். மோசிப்பில் இந்தக் கட்டங்களை நாடே வடிவமைத்துக்கொள்ள முடியும். எந்தக் கட்டம் கட்டாயம், எது விருப்பம் என்பதை உள்ளமைவுக் கோப்பில் மாற்றினால் போதும். முழுப்பெயருக்கு ஒரே கட்டம் என்று வைத்தால் முடிந்தது. பதிவு தொடங்கிய பிறகு மாற்றினால் லட்சக்கணக்கான பதிவுகளைக் கையால் திருத்த வேண்டியிருக்கும்.

பதிவு நடக்கும் முறையையும் சொல்ல வேண்டும். பதிவு மையத்தின் மடிக்கணினியில் உள்ள மென்பொருள் பெயர், முகவரி, ஆவணம், பத்து விரல், இரண்டு கருவிழி, முகம் ஆகியவற்றை வாங்கி ஒரே பொதியாகக் கட்டி, திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்கிறது. இணையம் இல்லாத மலையகத் தோட்டத்தில்கூட இதைச் செய்து, பின்னர் இணைப்பு கிடைக்கும்போது அனுப்பலாம். மத்திய அமைப்பு பொதியைத் திறந்து, ஆவணங்களைச் சரிபார்த்து, உடற்பதிவை நகல்நீக்க இயந்திரத்துக்கு அனுப்புகிறது. இந்த இயந்திரம் மோசிப்பின் பகுதி அல்ல. வெளிச்சந்தையில் வாங்க வேண்டும். பிலிப்பைன்ஸில் அது பிரான்ஸின் ஐடெமியா நிறுவனத்துடையது. திறந்தமூலம் என்பதால் எல்லாமே இலவசம் என்று எண்ணும் அமைச்சகங்களுக்கு அதிர்ச்சி வரும் இடம் இது.

நகல் நீக்கத்தின் அளவைக் கொஞ்சம் பார்க்கலாம். இரண்டு கோடிப் பேரை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டால் ஏறத்தாழ 200 லட்சம் கோடி இணைகள். ஆதார் 2012இல் வெளியிட்ட கணக்கின்படி, 8.4 கோடிப் பேர் கொண்ட தரவுத்தளத்தில் தவறாக 'நகல்' என்று காட்டிய விகிதம் 0.057 சதவீதம். அதே விகிதத்தை 2.2 கோடிப் பதிவுகளுக்குப் போட்டுப் பார்த்தால் சுமார் 12,500 பேர். விகிதம் தரவுத்தளத்தின் அளவைப் பொறுத்து மாறும் என்பதால் இது தோராயம்தான். ஆனால் அந்த 12,500 பேரும் உண்மையான மனிதர்கள். இயந்திரம் 'இவர் ஏற்கெனவே பதிவானவர்' என்று சொன்ன பிறகு படத்தையும் ஆவணத்தையும் பார்த்து முடிவெடுக்கப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். இந்த ஆட்களைத் திட்ட மதிப்பீட்டில் எழுத மறந்தால், நிலுவை சேர்ந்து, எண் வராத மக்கள் திணைக்கள வாசலில் நிற்பார்கள். கொழுந்து பறித்துக் கைரேகை தேய்ந்தவர்களுக்கும், விரல் இழந்தவர்களுக்கும் விதிவிலக்குப் பதிவு முறை மென்பொருளில் இருக்கிறது. அதைப் பயன்படுத்த அலுவலருக்கு அதிகாரமும் தைரியமும் கொடுக்க வேண்டும்.

இன்னும் முக்கியமானது, பிறப்புச் சான்றிதழோ அடையாள அட்டையோ இல்லாதவர்கள். மலையகத் தமிழரிடையே இது பழைய வலி. ஏற்கெனவே உள்ள அட்டையை அடிப்படையாக வைத்தே புதிய எண் கொடுத்தால், பழைய விடுபடல் புதிய அமைப்பில் அப்படியே குடியேறும். ஆதாரில் ஆவணம் இல்லாதவரை அங்கீகரிக்கப்பட்ட ஒருவர் அறிமுகம் செய்து பதிவு செய்யும் முறை இருந்தது. இலங்கைக்குக் கொடுக்க வேண்டிய அனுபவங்களில் தலையாயது இது என்று உறுதியாகச் சொல்வோம். இந்திய மானியத்தில் வரும் திட்டம் இந்திய வம்சாவளியினரையே விட்டுவிட்டால் அதைவிடப் பெரிய ராஜதந்திரத் தோல்வி இருக்காது.

அரசியல் எதிர்ப்பும் இருந்தது. மானியத்தோடு இந்திய நிறுவனமும் சேர்ந்து வருவதால், குடிமக்களின் உடற்பதிவு அண்டை நாட்டின் கைக்குப் போகுமோ என்ற அச்சம் அங்கே பரவலாகப் பேசப்பட்டது. அச்சம் நியாயமானதா என்பதற்கு மென்பொருள் உரிமம் பதில் அல்ல. குறியாக்கத் திறவுகோல் யாரிடம், தரவு மையத்துக்குள் நுழையும் நிர்வாகக் கணக்கு யாரிடம், நிறுவிய நிறுவனம் எந்தத் தேதியில் வெளியேறும் என்ற மூன்றும்தான் பதில். இலங்கையிடம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இந்தியா தன் சட்டத்தை 2023இல்தான் இயற்றியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. தரவுச் சட்டத்தில் பாடம் சொல்லும் இடத்தில் இந்தியா இல்லை. அதை ஒப்புக்கொண்டு பேசினால் நம்பிக்கை கூடும். ஆட்சி மாறிய பின்னும் திட்டம் கைவிடப்படவில்லை. 2024 டிசம்பரில் அதிபர் அநுர குமார திசாநாயக்க டெல்லி வந்தபோது வெளியான கூட்டறிக்கையில் அது இடம்பெற்றது. 2025 ஏப்ரலில் மோடியின் கொழும்புப் பயணத்தில் டிஜிட்டல் துறையில் புதிய ஒப்பந்தமும் வந்தது.

மென்பொருளோடு கூடவே போனவை

ஆதார் வெளிநாடுகளில் பேசப்பட்டபோது இன்னொன்றும் கூடப் போனது. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஆதார் வழக்கில் தீர்ப்பளித்தது. பெரும்பான்மை நீதிபதிகள் சட்டத்தை ஏற்றார்கள். தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க வழிசெய்த 57ஆம் பிரிவின் பகுதியை நீக்கினார்கள். நீதிபதி சந்திரசூட் மட்டும் மாறுபட்டு எழுதினார். 2019 ஏப்ரலில் ஜமைக்காவின் உச்ச நீதிமன்றம் அந்நாட்டு தேசிய அடையாளச் சட்டத்தை ரத்து செய்தபோது பெரிதும் சார்ந்திருந்தது அந்த மாறுபட்ட தீர்ப்பை. பிறகு ஜமைக்கா கட்டாயமற்ற பதிவோடு புதிய சட்டம் கொண்டுவந்தது. டெல்லியின் பட்டியலில் இதைச் செல்வாக்கு என்று யாரும் எழுதுவதில்லை. நாங்கள் எழுதுவோம். ஒரு நாட்டின் நீதிமன்ற விவாதம் இன்னொரு நாட்டின் குடிமக்களைக் காக்கிறது என்பது எந்தச் செயலியைவிடவும் மதிப்பான ஏற்றுமதி.

பிரச்சார எண்களில் கவனம் வேண்டும். 47 ஆண்டுகளில் அடையக்கூடிய நிதிச் சேர்க்கையை இந்தியா ஆறே ஆண்டுகளில் அடைந்தது என்ற கூற்று, ஜி20க்காக உலக வங்கி தயாரித்த ஆவணத்தில் இருக்கிறது. கணக்கு திறந்தோர் விகிதத்தைப் பொறுத்தவரை அது பொருந்தும். அதே உலக வங்கியின் 2021 ஃபின்டெக்ஸ் ஆய்வில், இந்தியாவில் கணக்கு வைத்திருப்போரில் 35 சதவீதம் பேர் ஓராண்டாக அதைப் பயன்படுத்தவில்லை என்றும் இருக்கிறது. வெளிநாட்டு மத்திய வங்கி அதிகாரிகள் இரண்டையும் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். முதல் எண்ணை மட்டும் ஸ்லைடில் போட்டால் கேள்வி நேரம் சங்கடமாக முடியும்.

யூபிஐயின் வணிக அமைப்பையும் அப்படியே தூக்கிச் செல்ல முடியாது. 2020 ஜனவரி முதல் இந்தியாவில் யூபிஐக்கு வணிகரிடம் கட்டணம் இல்லை. அந்த இழப்பை ஈடுகட்ட வங்கிகளுக்கு அரசு ஊக்கத்தொகை கொடுக்கிறது. 2024-25க்கு 1,500 கோடி ரூபாய். சிறு வணிகரிடம் நடக்கும் 2,000 ரூபாய் வரையிலான பரிவர்த்தனைக்கு ஊக்கத்தொகை 0.15 சதவீதம். மாதம் ஆயிரக்கணக்கான கோடிப் பரிவர்த்தனை நடக்கும் நாட்டில் இது தாங்கும். சில பத்து லட்சம் மக்கள் உள்ள நாட்டில் பரிவர்த்தனைகளை வங்கிகளுக்கிடையே கடத்தும் மைய அமைப்பான சுவிட்சின் நிலைச்செலவு கிட்டத்தட்ட அதே அளவு. பகிர்ந்துகொள்ளப் பரிவர்த்தனை மிகக் குறைவு. அங்கே சிறு கட்டணம் வைப்பதே நேர்மையான அறிவுரை.

இயக்க அனுபவமும் பொருளின் பகுதிதான். 2025 ஏப்ரல் 12 அன்று யூபிஐ பல மணி நேரம் தடுமாறியது. பரிவர்த்தனையின் நிலை என்ன என்று கேட்கும் கோரிக்கைகள் வெள்ளமாக வந்ததே காரணம் என்று என்பிசிஐ கண்டறிந்தது. சில வங்கிகள் பழைய பரிவர்த்தனைகளின் நிலையைக்கூடத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தன. அதன்பின் எவ்வளவு இடைவெளியில், எத்தனை முறை கேட்கலாம் என்று வரம்பு வைக்கப்பட்டது. நமீபியாவோ பெருவோ வாங்கும் அமைப்பில் இந்த வரம்புகள் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். சொந்த வீட்டில் பட்ட அடியை விவரமாகச் சொல்லிக்கொடுக்கும் நாட்டைத்தான் அடுத்த முறையும் கூப்பிடுவார்கள்.

பெயர் யாருக்குப் போகிறது என்பது இன்னொரு விஷயம். எத்தியோப்பியாவின் ஃபாய்டா அடையாள எண் மோசிப்பில் ஓடுகிறது. அந்தத் திட்டத்துக்கு உலக வங்கி 2023 டிசம்பரில் 35 கோடி டாலர் ஒப்புதல் கொடுத்தது. மென்பொருள் பெங்களூருவிலிருந்து, பணம் வாஷிங்டனிலிருந்து. பிலிப்பைன்ஸில் 8 கோடிக்கும் மேற்பட்டோர் பதிவானார்கள். பிளாஸ்டிக் அட்டை அச்சடிப்புதான் பின்தங்கியது. கடைசியில் 2022 அக்டோபரில் தாளில் அச்சிடும் இபில்ஐடி கொடுக்க வேண்டி வந்தது. அட்டைக்காகக் காத்திருந்தவருக்கு மென்பொருள் நன்றாக ஓடியது என்பது ஆறுதல் இல்லை.

ஜி20: அறிக்கையும் பணமும்

2023 செப்டம்பர் டெல்லி மாநாட்டில், அடையாளம், பணப் பரிவர்த்தனை போன்ற டிஜிட்டல் பொதுக் கட்டமைப்புக்கான பொதுச் சட்டகத்தை ஜி20 ஏற்றது. அது உண்மையான வெற்றி. அடுத்த ஆண்டு ஐநாவின் உலக டிஜிட்டல் உடன்படிக்கையிலும் அந்தக் கருத்து இடம்பெற்றது. இத்தகைய கட்டமைப்புகளுக்கான உலகக் களஞ்சியத்தை உருவாக்கிப் பராமரிக்கும் இந்தியாவின் திட்டத்தை டெல்லி அறிக்கை வரவேற்றது. ஏழை நாடுகளுக்கு நிதியும் தொழில்நுட்ப உதவியும் திரட்டும் 'ஒன் ஃபியூச்சர் அலையன்ஸ்' யோசனையையோ கவனத்தில் கொண்டதோடு நிறுத்திக்கொண்டது. நவம்பரில் இந்தியா 2.5 கோடி டாலரைச் சமூகத் தாக்க நிதிக்குத் தொடக்கமாக அறிவித்தது. எத்தியோப்பியாவின் ஒரே திட்டத்துக்கான உலக வங்கி ஒப்புதல் இதைப்போல 14 மடங்கு. யோசனையில் முன்னணி, பணத்தில் பின்னணி என்பதே உள்ளபடியான நிலை.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

இந்தியாவிடம் டிஜிட்டல் உதவி பெறும் நாட்டின் அதிகாரிக்கும், அதைக் கொடுக்கும் இந்தியத் தூதரக அதிகாரிக்கும் ஒரே கேள்விகள்தான். இணைப்பு இரு திசையா, ஒரு திசையா. ஒரு திசையென்றால் மறு திசைக்குத் தேதி உண்டா? எந்த வங்கிகள், எந்தப் பயனாளிகளை வைத்து அவை தேர்ந்தெடுக்கப்பட்டன? பணம் போய்ச் சேராவிட்டால் புகாரை எந்த நாட்டு வங்கி எடுக்கும், எத்தனை நாளில் தீர்க்கும்? மானியம் தீர்ந்த நான்காவது ஆண்டின் செலவு எந்தத் துறையின் பட்ஜெட்டில் இருக்கிறது? நகல்நீக்க இயந்திரத்தின் உரிமம் ஆள் கணக்கிலா, ஆண்டுக் கணக்கிலா? நாளை அதை மாற்றினால் எடுத்த உடற்பதிவின் மூலப்படங்கள் பொதுத்தர வடிவத்தில் கைக்கு வருமா, அல்லது அந்த நிறுவனத்தின் இயந்திரம் மட்டுமே படிக்கக்கூடிய வார்ப்புருவாக மட்டுமா? எண் இல்லாதவருக்கு ரேஷனும் மருத்துவமும் மறுக்கப்படாது என்பது சட்டத்தில் இருக்கிறதா, சுற்றறிக்கையிலா?

கடைசியாகத் திறவுகோல். உடற்பதிவைத் திறக்கும் குறியாக்கச் சாவி, பெறும் நாட்டின் மண்ணில் உள்ள பாதுகாப்பு வன்பொருளுக்குள் அந்நாட்டு அதிகாரிகள் முன்னிலையில் உருவாக்கப்பட வேண்டும். ஒரே ஆளால் பயன்படுத்த முடியாதபடி பலரிடம் பிரித்துக் கொடுக்க வேண்டும். நிறுவிய நிறுவனத்தின் நிர்வாகக் கணக்குகள் ஒப்படைப்பு நாளில் மூடப்பட்டதற்குச் சுயேச்சையான தணிக்கையாளரின் சான்று வேண்டும். இந்த ஏற்பாட்டை ஒப்பந்த இணைப்பில் இந்தியத் தரப்பே முன்வந்து எழுதலாம். யாரும் கேட்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை.